தானுந்துப் பந்தயத்தில் தொடக்க வரிசை

தொடக்க வரிசை என்பது தானுந்துப் பந்தயம் தொடங்கும்போது கார்கள் எந்த ஒழுங்கில் நிற்க வேண்டும் என்பதைக் குறிக்கும். ஓட்டப்பந்தய வீரர்கள் எட்டுப் பேர் ஒரே கோட்டில் நிற்கலாம். இருபது கார்களை அப்படி நிறுத்தும் அகலம் எந்தப் பந்தயச் சாலைக்கும் கிடையாது. சிலர் முன்னே நிற்பார்கள், சிலர் பின்னே நிற்பார்கள். முன்னே நிற்கும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்குச் சீட்டுக் குலுக்கல், விண்ணப்பம் வந்து சேர்ந்த நாள், என்ஜினின் அளவு, ஒரு சுற்றுக்கான நேரம் எனக் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடைகள் தரப்பட்டுள்ளன.

வேகமாக ஓட்டுபவரே முன்னே நிற்க வேண்டும் என்பது இன்று இயல்பான விதியாகத் தோன்றுகிறது. ஆனால் பந்தயங்கள் தொடங்கி நாற்பது ஆண்டுகள் ஆகும் வரை ஐரோப்பாவில் அவ்விதி பெரிதாக வழக்கில் இல்லை. அவ்விதி வந்தபின் ஓட்டுநர்கள் பந்தய நாளுக்கு முன்பே தங்கள் வேகத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. அதற்காக நடத்தப்படும் தகுதிச் சுற்று நாளடைவில் ஒரு தனிப் பந்தயமாகவே வளர்ந்தது. அதற்கென்று வெற்றிகளும் சூழ்ச்சிகளும் உண்டு, உயிரிழப்புகளும் உண்டு.

புழுதிக் காலம்

முதல் பந்தயங்கள் நகரத்திலிருந்து நகரத்துக்குப் பொதுச்சாலைகளில் நடந்தன. 1895ஆம் ஆண்டு பாரிசிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் கார்கள் இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாக அனுப்பப்பட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நேரம் கணக்கிடப்பட்டதால், முன்னே புறப்பட்டவருக்கு நேரக் கணக்கில் எந்த ஆதாயமும் இல்லை. தாளில் பார்த்தால் இதைவிட நியாயமான முறை வேறொன்று இருக்க முடியாது.

சாலையில் நிலைமை வேறாக இருந்தது. அக்காலச் சாலைகளில் தார் கிடையாது. முன்னே செல்லும் கார் எழுப்பும் புழுதிக்குள்தான் பின்னே வருபவர் ஓட்ட வேண்டும். 1903 மே மாதம் பாரிஸ்–மாட்ரிட் பந்தயத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட வண்டிகள் அடுத்தடுத்து விடப்பட்டன. முன்வரிசையில் புறப்பட்ட லூயி ரெனோ தெளிவான சாலையில் ஓட்டி முதலாவதாகப் போர்தோ வந்து சேர்ந்தார். அவருடைய அண்ணன் மார்செல் ரெனோ பின்னால் புறப்பட்டு, ஒவ்வொரு காராக முந்திக்கொண்டே வந்தார். அப்படி ஒரு காரைப் புழுதிக்குள் முந்த முயன்றபோது வண்டி சாலையை விட்டு விலகியது. அந்தக் காயங்களால் அவர் இறந்தார். ஓட்டுநர்களும் உதவியாளர்களும் வேடிக்கை பார்த்தவர்களுமாக வேறு பலரும் அன்று மடிந்தனர். பிரெஞ்சு அரசு பந்தயத்தைப் போர்தோவிலேயே நிறுத்திவிட்டது. மிகவும் பின்னால் புறப்பட்டும், அதே புழுதியைக் கடந்து குறைந்த நேரத்தில் போர்தோவை அடைந்தவர் பெர்னான்ட் காப்ரியேல். அவர் எப்படி ஓட்டினார் என்பது இன்றும் வியப்புக்குரியது.

இதன்பின் பந்தயங்கள் மூடிய சாலைச் சுற்றுகளுக்கு மாறின. 1906 சூன் 26, 27 ஆகிய நாள்களில் லெ மான் நகருக்கு அருகே முதல் கிராண்ட் பிரீ நடந்தது. தமிழ் நாளிதழ்களில் கிராண்ட் பிரிக்ஸ் என்று எழுதப்படுவது இதுவே. ஒரு சுற்று 103 கிலோமீட்டர். நாளுக்கு ஆறு சுற்று. பதின்மூன்று அணிகளுக்கும் சீட்டுக் குலுக்கி எண்கள் தரப்பட்டன. ஓர் அணியின் மூன்று கார்களுக்கும் ஏ, பி, சி என எழுத்துகள் சேர்க்கப்பட்டன. முதலில் எல்லா அணிகளின் ஏ கார்கள், பிறகு பி, பிறகு சி எனத் தொண்ணூறு நொடிக்கு ஒன்றாகக் கார்கள் புறப்பட்டன.

இரண்டாம் நாளுக்கு அமைப்பாளர்கள் கண்ட வழி அழகானது. முதல் நாள் ஒருவர் எத்தனை மணி நேரம் எடுத்துக்கொண்டாரோ, மறுநாள் காலை அந்த மணிக்கு அவர் புறப்பட வேண்டும். ரெனோ காரை ஓட்டிய அங்கேரியர் பெரென்ஸ் சிஸ் முதல் நாள் 5 மணி 45 நிமிடம் 30 நொடி எடுத்தார். ஆகவே மறுநாள் அதிகாலை 5.45க்குப் புறப்பட்டார். அடுத்தவர் புறப்பட 26 நிமிடம் இருந்தது. இரவில் யாரும் கார்களைத் தொடாதபடி அவை பூட்டிவைக்கப்பட்டன. காலையிலும் என்ஜினை முன்கூட்டியே இயக்கிச் சூடாக்காதபடி குதிரை கட்டி இழுத்துக் கோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சிஸ் முதல்வராக முடித்தார். முந்திய நாள் ஓட்டம் மறுநாள் தொடக்கத்தைத் தீர்மானித்த முதல் பெரிய பந்தயம் என இதைக் கருதலாம். ஆனாலும் அன்று அந்தக் கருத்து வேர்பிடிக்கவில்லை.

அமெரிக்க வழி

1911இல் தொடங்கிய இண்டியனாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் 40 கார்கள் பங்கேற்றன. நேராகச் செல்லும் பகுதியில் கால் மைல் தூரத்துக்கு மணிக்கு 75 மைல் வேகத்தைக் காட்டியவர்களுக்கு அனுமதி கிடைத்தது. வரிசையை முடிவு செய்ததோ தபால்காரர்தான் என்று சொல்ல வேண்டும்: யாருடைய விண்ணப்பம் முன்னே வந்ததோ அவருக்கு முன்னிடம். அந்த வகையில் லூயிஸ் ஸ்ட்ராங் முதலிடத்தில் நின்றார். 28ஆவது இடத்தில் நின்ற ரே ஹாரூன் வென்றார்.

1915இல் வேகத்தின்படி வரிசை என்ற விதி அங்கே வந்தது. மணிக்கு 98.9 மைல் வேகம் காட்டிய ஹவ்டி வில்காக்ஸ் முதலிடம் பெற்றார். ஒவ்வொரு காரும் தனியாகத் தடத்தில் ஓடி நேரம் குறிப்பது அங்குள்ள மரபு. 1920இல் நான்கு சுற்றுகளின், அதாவது பத்து மைலின், சராசரி வேகத்தைக் கணக்கில் கொள்ளும் முறை வந்தது. வரிசைக்கு மூன்றாகப் பதினோரு வரிசைகளில் 33 கார்களுக்கு மட்டுமே இடம். 1994இல் அங்கு வென்ற பென்ஸ்கே அணி, மறு ஆண்டே தன் கார்கள் எதையும் அந்த 33க்குள் கொண்டுவர முடியாமல் வீடு திரும்பியது. அல் அன்சர் ஜூனியர், எமர்சன் பிட்டிபால்டி என்ற இரு முன்னாள் வெற்றியாளர்கள் அந்த அணியில் இருந்தும் பயனில்லை. இண்டியனாபொலிசில் பழைய பெருமைக்கு வரிசையில் இடம் ஒதுக்குவதில்லை.

தொடக்க முதலிடத்தை ஆங்கிலத்தில் போல் பொசிஷன் என்கின்றனர். இச்சொல் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. தடத்தின் உட்புற ஓரத்தில் நடப்பட்ட கம்பத்தை ஒட்டி நிற்கும் குதிரைக்கு வளைவில் ஓட வேண்டிய தூரம் குறைவு. கார்களுக்கும் முதல் வளைவின் உட்புறம் கிடைத்தால் அதே வசதி உண்டு.

மொனாக்கோ, 1933

ஐரோப்பாவில் 1922இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில்தான் எல்லாக் கார்களும் ஒன்றாகப் புறப்படும் முறை அப்போட்டிக்கு வந்தது. நேர இடைவெளி போனதும் இடத்தின் மதிப்பு ஏறிவிட்டது. ஒன்றாகப் புறப்படும்போது பின்னே நிற்பவர் உண்மையிலேயே பின்தங்கியவர். அந்தத் தூரத்தை யாரும் பிறகு கழித்துக் கொடுப்பதில்லை. இருந்தும் சீட்டுக் குலுக்கலே தொடர்ந்தது.

மொனாக்கோவின் தெருக்களில் 1929இல் முதல் பந்தயம் நடந்தபோது ஜெர்மனியின் ருடால்ப் கரச்சியோலாவுக்குக் குலுக்கலில் பின்வரிசையே கிடைத்தது. கனமான மெர்சிடிஸ் காரை வைத்துக்கொண்டு அந்தக் குறுகலான தெருக்களில் ஒவ்வொருவராகத் தாண்டி முதலிடத்துக்கே வந்துவிட்டார். எரிபொருள் நிரப்ப நின்றபோது இழந்த நேரத்தால் மூன்றாவதாக முடித்தார். பார்ப்பவர்களுக்கு அது விருந்து. குலுக்கலில் கை ராசியில்லாத ஓட்டுநருக்கு அது வேதனை. மூன்று கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான அந்தச் சுற்றில் முந்துவதற்கு இடமே அரிது என்பதால், குலுக்கலின் அநீதி வேறெங்கையும்விட அங்கே பளிச்சென்று தெரிந்தது.

1933 ஏப்ரலில் மொனாக்கோ அமைப்பாளர்கள் பயிற்சி நேரத்தில் ஒவ்வொருவரும் எடுத்த சிறந்த சுற்று நேரத்தின்படி வரிசையை அமைத்தனர். கிராண்ட் பிரீ பந்தயங்களில் இவ்வாறு செய்தது அதுவே முதல் முறை. புகாட்டி ஓட்டிய அகில்லே வார்சி முதலிடம் பெற்றார். மறுநாள் அவரும் ஆல்பா ரோமியோ ஓட்டிய டாசியோ நுவோலாரியும் நூறு சுற்றுகளும் விடாமல் மோதினர். கடைசிச் சுற்றில் நுவோலாரியின் கார் பழுதாக, வார்சி வென்றார்.

அந்தப் பயிற்சியிலேயே கரச்சியோலாவின் கார் சுவரில் மோதி, அவருடைய வலது தொடை எலும்பு நொறுங்கியது. காரணம் பிரேக் கோளாறு. புதிய விதியின்மீது பழி போடுவது நியாயமாகாது. கால் குட்டையாகி, வலியோடே திரும்பி வந்த அவர் பின்னர் மூன்று முறை ஐரோப்பிய வாகையர் ஆனார். எனினும் பயிற்சியின் தன்மை அந்த ஆண்டோடு மாறியது. அதுவரை பயிற்சி என்பது சாலையைப் பழகிக்கொள்ளவும் காரைச் சரிபார்க்கவும் உதவியது. இனி அதில் மெதுவாக ஓட்டியவர் ஞாயிற்றுக்கிழமை பின்னே நிற்க வேண்டும்.

1950இல் பார்முலா 1 உலக வாகையர் போட்டி தொடங்கியபோது நேரத்தின்படி வரிசை என்பது கேள்வியின்றி ஏற்கப்பட்டிருந்தது. சில்வர்ஸ்டோனில் நடந்த முதல் போட்டியின் முதல் வரிசையில் நான்கு ஆல்பா ரோமியோக்கள் நின்றன. முதலிடம் பெற்ற ஜுசெப்பே பரீனாவே பந்தயத்தையும் வென்றார்.

லெ மானில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயம் இதில் ஒரு விதிவிலக்கு. அங்கே கார்கள் நெடுங்காலம் என்ஜினின் கொள்ளளவுப்படி சாலையின் ஒரு பக்கம் சாய்வாக நிறுத்தப்பட்டன. கொடி அசைந்ததும் ஓட்டுநர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடிவந்து ஏறிப் புறப்பட வேண்டும். இருக்கைப் பட்டை வந்தபின் இது ஆபத்தாயிற்று. அவசரத்தில் பலர் பட்டை மாட்டாமலே கிளம்பினர். 1969இல் பெல்ஜியத்தின் ஜாக்கி இக்ஸ் இதை எதிர்த்து, எல்லோரும் ஓடும்போது நிதானமாக நடந்து சென்று, பட்டையைப் பூட்டிக்கொண்டு கடைசியாகப் புறப்பட்டார். அந்த முதல் சுற்றிலேயே பட்டை அணியாத ஜான் உல்ப் விபத்தில் இறந்தார். 24 மணி நேரம் கழித்து இக்ஸ் சுமார் நூறு மீட்டர் இடைவெளியில் வென்றார். மறு ஆண்டு முதல் ஓட்டுநர்கள் காருக்குள் அமர்ந்தே புறப்பட்டனர்.

நொடியின் பங்கு

நேரத்தை வைத்து வரிசை என்றால் நேரம் சரியாக அளக்கப்பட வேண்டும். 1954 பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில் நேரம் முழு நொடியாகவே குறிக்கப்பட்டது. பந்தயத்தின் வேகமான சுற்றுக்கு ஒரு புள்ளி என்பது அன்றைய விதி. ஏழு பேருக்கு ஒரே நேரம் வந்ததால் அந்த ஒரு புள்ளியை ஏழு கூறாக்கிக் கொடுத்தார்கள்.

பின்னர் மின்னணுக் கருவிகள் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்தன. சிக்கல் தீர்ந்தது என்றே எல்லோரும் எண்ணினர். 1997 அக்டோபரில் ஸ்பெயினின் ஹெரெஸ் நகரில், வாகையர் பட்டத்தை முடிவு செய்யும் கடைசிப் போட்டியின் தகுதிச் சுற்றில், கனடாவின் ஜாக் வில்நெவ் 1 நிமிடம் 21.072 நொடியில் சுற்றி வந்தார். அவருடைய போட்டியாளர் மைக்கேல் சூமாக்கரும் அதே 1.21.072. பிறகு வந்த ஹைன்ஸ்-ஹரால்ட் பிரென்ட்சனும் அதே 1.21.072. மூவருக்கும் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வேறுபாடில்லை. முதலில் எடுத்தவருக்கு முன்னுரிமை என்ற விதிப்படி வில்நெவ் முதலிடம் பெற்றார். வாகையர் பட்டமும் அவருக்கே கிடைத்தது.

ஒரே சுற்றின் விலை

ஒரு சுற்றில் மட்டும் வேகம் காட்டினால் போதும் என்றதும், அந்த ஒரு சுற்றுக்காகவே கார்கள் செய்யப்பட்டன. 1980களில் பார்முலா 1 அணிகள் தகுதிச் சுற்றுக்கென்று தனி டயர்களைக் கொண்டுவந்தன. மென்மையான அந்த ரப்பர் ஒன்றிரண்டு சுற்றுக்குத்தான் தாங்கும். டர்போ என்ஜின்களும் அச்சில நிமிடங்களுக்கு மட்டும் 1,000 குதிரைத்திறனுக்கு மேல் முடுக்கப்பட்டன. 1985இல் சில்வர்ஸ்டோனில் கெக்கே ரோஸ்பர்க் மணிக்கு 259 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். அச்சாதனை 2002 வரை நின்றது.

இந்த அவசரத்துக்குள் இருந்த ஆபத்து அதற்கு முன்பே வெளிப்பட்டிருந்தது. 1982 மே 8 அன்று பெல்ஜியத்தின் சோல்டர் தடத்தில் தகுதிச் சுற்று முடியச் சில நிமிடங்களே இருந்தன. ஜாக் வில்நெவின் தந்தை ஜில் வில்நெவ், பெராரி அணியில் தன்னுடன் ஓட்டிய திதியே பிரோனியைவிட நொடியில் பத்தில் ஒரு பங்கு பின்தங்கியிருந்தார். இருவருக்கும் இரண்டு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வேகமாக வந்த வில்நெவின் கார், மெதுவாகச் சென்றுகொண்டிருந்த யோகன் மாசின் காரின் பின்சக்கரத்தில் ஏறிப் பறந்தது. அன்றிரவு அவர் இறந்தார். மூன்று மாதம் கழித்து ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் பிரோனி தொடக்க முதலிடத்தைப் பெற்றுவிட்டார். வாகையர் பட்டியலிலும் அவரே முன்னணி. சனிக்கிழமை மழைப் பயிற்சியில் நீர்த்திவலைக்குள் முன்சென்ற காரைக் காணாமல் மோதினார். இரு கால்களும் சிதைந்தன. அவர் மீண்டும் பார்முலா 1 ஓட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரிசையின் முதல் கட்டம் வெறுமையாக இருந்தது.

முன்னிடத்துக்கான போட்டியைப் பற்றிப் பேசுபவர்கள் கடைசி இடத்துக்கான போட்டியை மறந்துவிடுகிறார்கள். 1980களின் இறுதியில் அணிகள் பெருகின. 1989இல் 39 கார்கள் வரும். பந்தயத்தில் 26 கார்களுக்கே இடம். ஆகவே சிறிய அணிகளுக்கு வெள்ளிக்கிழமை காலை ஒரு மணி நேரம் முன்தகுதிச் சுற்று வைத்தனர். அதில் தோற்றவர்கள் மற்றவர்கள் வேலையைத் தொடங்கும் முன்பே மூட்டை கட்ட வேண்டும். 1990இல் லைப் என்ற இத்தாலிய அணி 14 போட்டிகளுக்குச் சென்றது. ஒன்றில்கூட அந்த முதல் மணி நேரத்தைத் தாண்டவில்லை.

1994 ஏப்ரல் 30 அன்று இமோலாவில் ஆஸ்திரியாவின் ரோலண்ட் ராட்சன்பெர்கர் போராடியதும் அந்தக் கடைசி இடங்களுக்காகத்தான். முந்தைய சுற்றில் தடத்தை விட்டு விலகியபோது காரின் முன்னிறக்கை சேதமடைந்திருந்தது. நேரம் எடுத்தாக வேண்டும் என்பதால் நிற்காமல் இன்னொரு சுற்றுக்குப் போனார். அதிவேகத்தில் இறக்கை கழன்றது. கார் சுவரில் மோதி அவர் இறந்தார். மறுநாள் 26ஆவது இடம் காலியாக விடப்பட்டது. அதே பந்தயத்தில் முதலிடத்திலிருந்து புறப்பட்ட அயர்டன் சென்னாவும் உயிரிழந்ததால், உலகம் ராட்சன்பெர்கரைக் குறைவாகவே நினைவில் வைத்திருக்கிறது.

இடத்துக்கான சண்டைகள்

முதலிடம் தடத்தின் எந்தப் பக்கம் அமைய வேண்டும் என்பதற்கும் சண்டை நடந்தது. 1990இல் ஜப்பானின் சுசுகாவில் சென்னா முதலிடம் பெற்றார். ஆனால் அந்தக் கட்டம் கார்கள் அதிகம் ஓடாத, தூசி படிந்த பக்கத்தில் இருந்தது. இரண்டாமிடத்து அலன் புரோஸ்டுக்கே நல்ல பிடிமானம் கிடைக்கும். பக்கத்தை மாற்றக் கேட்டார், மறுக்கப்பட்டது. புரோஸ்ட் முன்னே பாய்ந்தார். முதல் வளைவில் சென்னா விலகாமல் மோத, இருவரும் வெளியேறினர், பட்டம் சென்னாவுக்கு. மறு ஆண்டு அவரே அது வேண்டுமென்று செய்தது என ஒப்புக்கொண்டார். கோரிக்கையில் நியாயம் இருந்தது. அவர் தேடிய தீர்வில் இல்லை.

2006இல் மொனாக்கோவில் சூமாக்கர் தகுதிச் சுற்றின் இறுதியில் ராஸ்காஸ் வளைவில் காரை நிறுத்திப் பின்வந்தவர்களின் வேகத்தைக் கெடுத்தார். தவறுதலாக நின்றது என்ற விளக்கத்தை நடுவர்கள் ஏற்கவில்லை. வரிசையின் கடைசிக்கு அனுப்பப்பட்டும் அவர் ஐந்தாவதாக முடித்தார். கடைசியில் நிற்பது எப்போதும் தோல்வியல்ல. 1983இல் அமெரிக்காவின் லாங் பீச்சில் ஜான் வாட்சன் 22ஆவது இடத்திலிருந்து வென்றிருக்கிறார்.

மாறிக்கொண்டே இருக்கும் விதிகள்

மிகவும் மெதுவான கார்கள் தடத்தில் இருப்பது ஆபத்து என்பதால் 1996இல் 107 விழுக்காடு விதி வந்தது. முதல்வர் நூறு நொடியில் சுற்றினால் மற்றவர்கள் 107 நொடிக்குள் சுற்ற வேண்டும்; இல்லையேல் பந்தயத்தில் இடமில்லை. 2002க்குப் பின் கைவிடப்பட்ட இவ்விதி 2011இல் திரும்பி வந்தது. வந்த முதல் போட்டியிலேயே, ஆஸ்திரேலியாவின் மெல்பேர்னில், எச்.ஆர்.டி. அணியின் இரு கார்களும் சிக்கின. அவற்றில் ஒன்றை ஓட்டியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், பார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர். புதிய கார் முன்னோட்டமே காணாமல் நேராகப் போட்டிக்கு வந்திருந்தது. 2012இல் அதே மெல்பேர்னில் அதே அணிக்கு அதே முடிவு மீண்டும் நேர்ந்தது.

தொடக்க வரிசைக்குப் பொருளே இல்லாமல் போன பந்தயம் ஒன்றும் அவருடைய கணக்கில் உண்டு. 2005இல் இண்டியனாபொலிஸ் தடத்தில் நடந்த அமெரிக்க கிராண்ட் பிரீயில் மிஷெலின் டயர்கள் பாதுகாப்பானவையல்ல எனத் தெரியவந்தது. அவற்றைப் பொருத்திய 14 கார்கள், முதலிடத்தில் இருந்த யார்னோ த்ருல்லியின் கார் உட்பட, அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் வரிசைக்கு வராமல் பணிமனைக்குள் சென்றுவிட்டன. முன்வரிசைக் கட்டங்கள் வெறிச்சோடிக் கிடக்க, ஆறு கார்கள் மட்டும் புறப்பட்டன. கார்த்திகேயன் நான்காவதாக முடித்துப் புள்ளி பெற்ற முதல் இந்தியரானார்.

தகுதிச் சுற்றின் வடிவமும் நிலையாக இல்லை. 2003 முதல் ஒவ்வொருவராக ஒரே சுற்று. 2006இல் மூன்று கட்டமாக வெளியேற்றும் முறை. அன்றிருந்த 22 கார்களில் முதலில் ஆறும், அடுத்து ஆறும் கழிய, எஞ்சிய பத்தும் முன்னிடங்களுக்கு மோதின. இம்முறை நன்றாகவே நடந்தது. நன்றாக நடப்பதைத் தொடாமல் விட மனம் வராத நிர்வாகிகள் 2016இல் தொண்ணூறு நொடிக்கு ஒருவரை வெளியேற்றும் புதுமுறையைப் புகுத்தினர். மெல்பேர்னில் நேரம் முடியும் முன்பே தடம் காலியாகி, ஓட்டுநர்கள் காரை விட்டு இறங்கியிருந்தனர். இரண்டே போட்டிகளில் அது கைவிடப்பட்டது.

நேரத்தால் கிடைத்த இடம் அபராதத்தால் பறிபோவதும் இப்போது வழக்கம். அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடுதலாக என்ஜின் உறுப்புகளை மாற்றினால் வரிசையில் இத்தனை இடம் பின்னே போக வேண்டும் என்பது விதி. 2015இல் பெல்ஜியத்தில் மெக்லாரன் அணியின் இரண்டு ஓட்டுநர்களுக்கும் சேர்த்து 105 இடங்கள் பின்தள்ளும் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தப் பந்தயத்துக்கு வந்திருந்த கார்கள் இருபதே.

2021இல் சில போட்டிகளில் சனிக்கிழமை நூறு கிலோமீட்டர் குறும்பந்தயம் ஒன்று நடத்தி, அதன் முடிவே ஞாயிற்றுக்கிழமை வரிசை என்றனர். முதன்முதலில் சில்வர்ஸ்டோனில் இது நடந்தபோது வெள்ளிக்கிழமை தகுதிச் சுற்றில் வேகமானவர் லூயிஸ் ஹாமில்டன். குறும்பந்தயத்தை வென்று தொடக்க முதலிடம் பெற்றதாகப் பதிவேட்டில் ஏறியவர் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன். ஒரு சுற்றின் வேகத்துக்குரிய பெருமை பந்தயம் வென்றவருக்குப் போவதா என எழுந்த குறைபாட்டால், 2022 முதல் அப்பெருமை தகுதிச் சுற்றில் வேகமானவருக்கே தரப்பட்டது. 2023இல் குறும்பந்தயம் ஞாயிற்றுக்கிழமை வரிசையிலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டு, அதற்கென்றே தனியாக ஒரு தகுதிச் சுற்று ஏற்படுத்தப்பட்டது.